குறுக்கே ஒரு கோடு

தேவகலாவுக்கு ஓராண்டாக அரசரை அடிப்பதுதான் வேலை.

அடிப்பது என்றால் பேனாவால்தான். மன்னர் பெயருக்கு முன்னால் ஐந்து ஸ்ரீ போடுவது வழக்கம் என்பதால், அரசாங்கக் காகிதம் ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'ஸ்ரீ ஐந்தின் அரசு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள். போன ஆண்டு ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், மன்னர் இறங்கி வந்தார், இனிமேல் 'நேபாள அரசு' என்றுதான் எழுத வேண்டும் என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானம் போட ஒரு பகல் போதுமாக இருந்தது. புதுக் காகிதம் அச்சடிக்கத்தான் ஓராண்டு போதவில்லை. எட்டுக் கட்சி கூடி நடத்தும் இடைக்கால அரசு; முத்திரையில் குக்ரிக் கத்தி இருக்கலாமா, கிரீடம் இருந்த இடத்தில் பூ போடலாமா, மலை போடலாமா என்று எட்டுக் கட்சிக்கும் ஒன்பது கருத்து. அதுவரை கிடங்கில் இருக்கும் பழைய காகிதத்தையே எடுத்து, அச்சடித்த வரியின் குறுக்கே கோடு போட்டு, மேலே கையால் 'நேபாள அரசு' என்று எழுதிக்கொள்ளும்படி சுற்றறிக்கை வந்தது. அந்தச் சுற்றறிக்கையே பழைய காகிதத்தில், குறுக்கே ஒரு கோட்டோடுதான் வந்தது.

காத்மாண்டுவின் சிங்க தர்பார் தலைமைச் செயலக வளாகத்தில், அவள் வேலை பார்த்த அமைச்சகத்தின் அனுப்புகைப் பிரிவு, மாடிப்படிக்குக் கீழே இருந்தது. வெளியே போகும் கடிதம் எதுவானாலும் தேவகலாவின் மேசைக்கு வர வேண்டும். அவள் புத்தகத்தில் எழுதி, எண் கொடுத்து, முத்திரை குத்தினால்தான் அது கடிதம். அதுவரை வெறும் காகிதம். கடிதங்களைச் சுமந்து போகிறவர் ஹர்கமான். ஐம்பத்தைந்து வயது, வாயில் எப்போதும் காய்ந்த சுர்பிப் பாலாடைக் கட்டி ஒன்று ஊறிக்கொண்டிருக்கும்.

"நம்பர் விழுந்த காயிதம் பொறந்த புள்ள மாதிரி தங்கச்சி," என்பார் அவர். "மந்திரியே வந்தாலும் திருப்பி உள்ள தள்ள முடியாது."

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்தவரை தேவகலாவின் கணவன் கத்தாரில் வேலை பார்க்கிறான். வகிட்டில் சிவப்பு, கழுத்தில் சுமங்கலிகள் போடும் பச்சைப் பாசிமணி, எதிலும் குறையில்லை. வருஷத்துக்கு ஒரு முறை அசன் கடைத்தெருவில் மலிவான செண்ட் பாட்டில்கள் வாங்கி, விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, "அவர் அனுப்பினார்" என்று எல்லோருக்கும் கொடுப்பாள்.

"அஞ்சு வருஷமாச்சு, ஒரு தடவை ஊருக்கு வர மனசில்லையாக்கும் உன் ஷேக்குக்கு?" என்று கணக்குப் பிரிவுப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். "அங்க ஒண்ணு வச்சிருக்காரோ என்னவோ, பாத்துக்கடி."

"வச்சிருந்தா இருக்கட்டும். செண்ட் வருதில்ல?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அவள் கொடுத்த விலை யாருக்கும் தெரியாது.

டீக்காராம் கிமிரே கத்தாருக்குப் போகவில்லை. ராமேசாப் மாவட்டத்தில் சிசாபானி என்ற மலைக் கிராமத்துச் சுகாதாரச் சாவடியில் உதவியாளராக இருந்தான். ஊர் அவனை டாக்டர் சாப் என்று கூப்பிட்டது. போர்க் காலம். பகலில் படைக்காரர்கள் வந்து காயத்துக்குத் தையல் போடச் சொல்வார்கள், பொழுது சாய்ந்தால் காட்டிலிருந்து கிளர்ச்சிக்காரர்கள் வந்து போடச் சொல்வார்கள். அவன் இரண்டு பேருக்கும் போட்டான். "நூலுக்குக் கட்சி தெரியாது தேவி" என்று சொல்வான். நல்ல மனுஷன். கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது.

தசைன் பண்டிகைக்கு லீவில் போயிருந்தாள் அவள். பெரியவர்கள் வைத்த டீக்கா அவன் நெற்றியில் இன்னும் காயவில்லை, காதில் மஞ்சள் ஜமராப் பயிர் செருகியிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் முற்றத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒரே பச்சைச் சட்டை, ஒரே கான்வாஸ் ஷூ. அந்தக் காலத்தில் இரண்டு தரப்பும் அதைத்தான் போட்டது, ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்தும் போட்டது. அடுப்படியிலிருந்த அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குரல் மட்டும் கேட்டது. மரியாதையான குரல்.

"டாக்டர் சாப், ஒரு நிமிஷம் வெளிய வாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

அந்த ஒரு நிமிஷம் ஐந்தாண்டாக முடியவில்லை.

யார் கொண்டுபோனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கிராமத்தில் பாதிப் பேர் படை என்றார்கள், பாதிப் பேர் காடு என்றார்கள், எல்லோருமே அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். படையிடம் போய்க் கேட்டால் "காட்டுக்காரனுக்குத் தையல் போட்டவன் பெண்டாட்டியா நீ?" என்பார்கள். காட்டிடம் கேட்டால் "காட்டிக்கொடுத்தவன் பெண்டாட்டியா?" என்பார்கள். அவள் யாரிடமும் கேட்கவில்லை. மனு எழுதவில்லை. காத்மாண்டுவுக்குத் திரும்பி வந்து, கல்யாணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தபோது கொடுத்த தகப்பன் வீட்டுப் பெயரோடு, தேவகலா ஆசார்யாவாக, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

ஜனங்களின் கோபத்தில் போர் நின்றது, அது நல்லதுதான். ஆனால் நின்ற போரின் இரண்டு பக்கமும் சேர்ந்து அவளுடைய ஆபீசுக்கே குடிவந்துவிட்டது. மாடியில் கிளர்ச்சித் தரப்பு அமைச்சர். அவருடைய உதவியாளர் காம்ரேட் நிஷான். அது போர்ப்பெயர், சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. முப்பது வயது, எல்லோரிடமும் நீங்க, வாங்க, அக்கா, அண்ணா. எதிர் அறையில் பாதுகாப்புத் தொடர்பு அதிகாரி மேஜர் துர்கவிக்ரம். நரைத்த மீசை, குமாஸ்தாக்கள் எல்லோரிடமும் நீ, வா, போ. முதல் மாதம் இருவரும் தாழ்வாரத்தில் எதிரெதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கிப் போனார்கள். இரண்டாம் மாதம் தலையசைத்தார்கள். இப்போது ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுச் சிரிக்கிறார்கள். அவர்கள் முறைத்துக்கொண்டிருந்தபோது தேவகலாவுக்கு இருந்த பயம் ஒரு மடங்கு. சிரிக்க ஆரம்பித்த பிறகு அது பத்து மடங்காகிவிட்டது.

இருவருமே "ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். பேனா இருக்கிறதா, தபால் போய்விட்டதா, எதுவானாலும் அந்த வார்த்தைதான். ஒவ்வொரு முறையும் அவள் காதைத் தீட்டிக்கொள்வாள். அந்தக் குரல்தானா? இல்லை. இதுவா? தெரியவில்லை. ஐந்தாண்டில் குரலும் தேய்ந்துவிட்டது.

வைசாக மாதத்தில்தான் அறிவிப்பு வந்தது. போரில் காணாமல் போனவர்களின் பட்டியலை இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வெளியிடும். வீட்டார் மனுக் கொடுக்கலாம். பட்டியலில் ஏறிய பெயர் ஒவ்வொன்றுக்கும், ஆள் எங்கே என்று கொண்டுபோன தரப்பு பதில் சொல்லியாக வேண்டும். தேர்தல் ஏற்கெனவே தள்ளிப்போய்விட்டது. இதாவது நடக்கட்டும் என்று மந்திரிசபை அடுத்து வரும் ஜேட மாதக் கடைசியைக் கெடுவாக வைத்தது.

பழைய காகிதத்திலேயே அச்சடித்த அந்த மனுவில் ஒரு கட்டம் இருந்தது: 'கொண்டுபோன தரப்பு — அரசு / கிளர்ச்சி.' ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அந்தத் தரப்பு "எங்களிடம் இல்லை" என்று சொல்லிவிடும், பெயர் போய்விடும். எழுதாமல் விட்டால் 'விவரம் போதாதவை' என்ற கட்டில் சேர்த்துக் கிடங்குக்கு அனுப்புவார்கள். கிடங்குக்குப் போன காகிதம் கரையானுக்குச் சொந்தம். டீக்காராமின் பெயர் எங்காவது ஓரிடத்தில் அரசாங்க மையில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அவன் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மூன்று வாரம் மனு அவள் தலையணைக்கு அடியில் கிடந்தது. கெடுவுக்கு முந்தின நாள் வாடகை அறையில் உட்கார்ந்து நிரப்பினாள். பெயர், வயது, ஊர், தேதி. மனைவி தேவகலா கிமிரே. கட்டத்தின் மேல் பேனாவை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், கடைசியில் காலியாகவே விட்டாள். பொய் எழுத வரவில்லை, நிஜம் தெரியவில்லை. காலையில் ஆபீசுக்கு வந்து, அன்றைக்கு வாசிக்க வேண்டிய மனுக்கட்டுக்கு நடுவே அதைச் செருகிவிட்டாள்.

ஒன்றை மறந்துவிட்டாள். மேசைக்கு வரும் காகிதத்தில்தான் அவள் கை தானாகக் கோடு போடும். இந்தக் காகிதம் மேசைக்கு வரவே இல்லை. 'ஸ்ரீ ஐந்தின் அரசு' என்ற கொட்டை எழுத்து அதன் நெற்றியில் அப்படியே இருந்தது.

பதினோரு மணிக்குப் பதினான்காம் எண் அறையில் உட்கார்ந்தார்கள். மேசைக்கு ஒரு பக்கம் நிஷான், மறு பக்கம் மேஜர். மேசை முனையில் தேவகலா நின்றாள். அவள் மனுவை வாசித்து மேசை நடுவே நகர்த்த வேண்டும். சம்பந்தப்பட்டவர் ஒத்துக்கொண்டால் பட்டியலில் எழுத வேண்டும். நாலு நாளாக இதே வேலை. நாற்பது பெயர் ஏறியிருந்தது. ஏறாதது எவ்வளவு என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டு அவள் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

"சீக்கிரம் முடிச்சுடுவோம் அக்கா. ரெண்டு மணிக்குப் பட்டியல் மந்திரிசபைச் செயலகத்துல இருக்கணும்," என்றான் நிஷான்.

"உங்க ஆளுங்க வாய்தா கேக்காம இருந்தா ஒரு மணிக்கே முடியும், காம்ரேட்," என்றார் மேஜர்.

"எங்க ஆளுங்களா? நேத்து பூரா தேநீர் குடிச்சே நேரத்தப் போக்கினது யாரு?"

இருவரும் சிரித்தார்கள். ஒரு மனு வாசித்தாள். மேஜர் யோசித்து, "சரி, எங்களோடது, எழுது" என்றார். நாற்பத்தொன்று. அடுத்த காகிதம் அவளுடையது.

"டீக்காராம் கிமிரே," என்று வாசித்தாள். தன் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல் இருந்தது. "வயசு முப்பத்தெட்டு. ராமேசாப், சிசாபானி. சுகாதாரச் சாவடி உதவியாளர்."

காகிதத்தை நடுவில் நகர்த்தினாள். மேஜரின் மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. கண்ணாடி இல்லாமலும் தெரிகிற எழுத்து அந்தத் தலைப்பு ஒன்றுதான். அவர் அதைப் பார்த்தார். கையிலிருந்த தேநீர்க் கோப்பை பாதியில் நின்றது.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றார். "இந்தக் கட்டை எரிச்சாச்சேய்யா. நானே பக்கத்துல நின்னு பாத்தேனே."

நிஷான் நாற்காலியில் மெல்ல நிமிர்ந்தான்.

"எந்தக் கட்டு, மேஜர் சாப்?"

மேஜர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். காகிதத்தைக் கிட்டத்தில் பிடித்தார். கீழே புதிய மை, இந்த மாதத்துத் தேதி. அவர் கழுத்தில் சிவப்பு ஏறி இறங்கியதைத் தேவகலா பார்த்தாள்.

"ஓ, புது மனுவா. தலைப்ப அடிக்காம விட்டிருக்கா. நான் வேற எதையோ நெனச்சுட்டேன்." அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அடிக்கறதுதான உன் வேல? தூங்கறியா?"

"மன்னிச்சுக்குங்க சாப். மறந்துட்டேன்."

ஐந்தாண்டில் அவள் ஒரு மனுக்கூடக் கொடுத்ததில்லை. அப்படியென்றால் அந்தத் தலைப்பின் கீழே அவன் பெயர் எழுதிய காகிதம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்க முடியும். அது, அவனைக் கொண்டுபோனவர்கள் எழுதி வைத்த காகிதம். அதைத்தான் எரித்திருக்கிறார்கள். இவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். காகிதத்தை எரிக்கிறார்கள் என்றால் ஆள்? கத்தவேண்டும் போல் இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கும் குமாஸ்தாவைப் போல நின்றாள்.

நிஷானாவது கேட்பான் என்று நினைத்தாள். எதிரியின் வாயிலிருந்து விழுந்த வார்த்தை, விடுவானா? போர் நடந்துகொண்டிருந்தால் இதை வைத்து ஒரு மாவட்டத்தையே கொளுத்தியிருப்பார்கள். நிஷான் காகிதத்தைப் பார்த்தான், மேஜரைப் பார்த்தான், மெதுவாகப் புன்னகை செய்தான்.

"அடுத்த காயிதம் யாரோடது அக்கா?"

"தனபதி கார்க்கி," என்று வாசித்தாள். "ஒக்கல்டுங்கா. பள்ளிக்கூட வாத்தியார். கொண்டுபோன தரப்பு, கிளர்ச்சி. மனுக் கொடுத்தவர், மனைவி ஜுனேலி கார்க்கி." பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருவிரல் ரேகை நீலமாக அப்பியிருந்தது.

"இந்த வாத்தியாரப் பத்தி நேத்து நீங்க ரொம்பக் கேள்வி கேட்டீங்க, மேஜர் சாப்."

"கேட்டேன்."

"இன்னிக்கு?"

மேஜர் மீசையைத் தடவினார். "இன்னிக்கு எதுக்குக் கேக்கணும்? ஒரே சர்க்காருக்குள்ள என்ன கேள்வி."

"அதான். பழசக் கிளறினா சமாதானம் நிக்காது. முந்தின மனுவுல கட்டம் காலி, இதுல சாட்சி இல்ல. ரெண்டும் விவரம் போதாதது. அப்படித்தான?"

"அப்படியேதான், காம்ரேட்."

நிஷான் இரண்டு காகிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தட்டிச் சமன் செய்து, கீழே இருந்த கட்டின் மேல் வைத்தான். டீக்காராமும் தனபதியும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். பாவம், இனிமேல் சேர்ந்தே கிடக்க வேண்டும். தேவகலாவுக்கு நிஷான் மேலும் மேஜர் மேலும் வந்த ஆத்திரத்தில் பல் கிட்டித்தது. படைக்காரன் கொன்றிருக்கலாம், காட்டுக்காரன் கொன்றிருக்கலாம், அது போர். இது என்ன? இரண்டு பேரும் சேர்ந்து, சிரித்துக்கொண்டே, பகல் வெளிச்சத்தில், அவள் கண்ணெதிரில்!

மிச்சமிருந்த நாலைந்து மனுவும் விவரம் போதாதவை ஆயின. ஒரு மணி அடித்தது. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் நாற்பத்தொன்றாம் பெயருக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அந்த இடத்தில் பின்னால் யாரும் எதையும் சேர்க்காமலிருக்கக் குறுக்கே சாய்வாகக் கோடு போட்டு அடைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். குமாஸ்தா வேலையில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் அது. தேவகலா பேனாவை எடுத்தாள்.

"பசிக்குது காம்ரேட். மோமோ சாப்பிட வர்றீங்களா?" என்று மேஜர் எழுந்தார். "என் வண்டியில பெட்ரோல் இல்ல. ரெண்டு நாளா வரிசையில நின்னும் கெடைக்கல."

"என் வண்டியில வாங்க. அமைச்சர் கோட்டாவுல கொஞ்சம் இருக்கு."

நின்றபடியே இருவரும் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்கள். முதலில் நிஷான், பக்கத்தில் மேஜர். "கோட்டப் போட்டு, நம்பர் குடுத்து அனுப்பிடுங்க அக்கா," என்று சொல்லிக்கொண்டே நிஷான் கதவைத் திறந்துவிட, மேஜர் முன்னால் போனார். ஒரே வண்டி புறப்படும் சத்தம் கேட்டது.

அறையில் அவள் மட்டும் இருந்தாள். வெறுமையான அரைப் பக்கமும் இருந்தது.

பிடிபட்டால் வேலை மட்டுமா போகும்? அரைமணி நேரம் முன்னால் அவள் கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறாள். ஒன்றும் செய்யாமலிருந்தால் மேஜர் மறந்துபோவார். அவள் ஓய்வு பெறும்வரை அரசரை அடித்துக்கொண்டு, செண்ட் பாட்டில் வாங்கிக்கொண்டு காலத்தைத் தள்ளலாம். அதுதான் புத்திசாலித்தனம். டீக்காராமோடு குடித்தனம் நடத்தியவளுக்குப் புத்திசாலித்தனம் எங்கிருந்து வரும்?

கீழே குனிந்து கட்டின் மேலிருந்த இரண்டு மனுக்களையும் எடுத்தாள்.

நாற்பத்திரண்டு: டீக்காராம் கிமிரே, சிசாபானி. கொண்டுபோன தரப்பு, அரசு. இந்த முறை பேனா அந்தக் கட்டத்தின் மேல் தயங்கவில்லை. நாற்பத்து மூன்று: தனபதி கார்க்கி, ஒக்கல்டுங்கா. கொண்டுபோன தரப்பு, கிளர்ச்சி. தன் புருஷனை மட்டும் எழுதிவிட்டு அந்தப் பெருவிரல் ரேகையை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. அதன் கீழே சாய்வாக, கையெழுத்துகளைத் தொடும்வரை, கோடு போட்டாள். முகப்புக் கடிதத்தில் 'மொத்தம் நாற்பத்து மூன்று பெயர்கள்' என்று எழுதினாள். தலைப்பில் அரசரை அடித்தாள். மாடிப்படிக்குக் கீழே வந்து, புத்தகத்தில் ஏற்றி, எண் கொடுத்து, முத்திரை குத்தினாள்.

"என்ன தங்கச்சி, மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்திருக்கு? ஒடம்புக்கு முடியலியா?" என்றார் ஹர்கமான்.

"வெயில், அண்ணா. இத நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. வழியில யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

அவர் சுர்பியைக் கன்னத்தின் மறுபக்கம் ஒதுக்கி, உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டுத் திருப்பிவிடலாமா என்று இரண்டு முறை வாய் திறந்தாள். கூப்பிடவில்லை.

மூன்று மணிக்கு ஹர்கமான் கையெழுத்தோடு திரும்பி வந்தார். நாலரைக்கு மாடியில் தொலைபேசி அடித்தது. நிஷானின் குரல் படிக்கட்டு வழியே இறங்கி வந்தது.

"ஆமா, நாந்தான். கெடச்சுதா? நல்லது... எத்தன?" நாற்காலி தள்ளும் சத்தம். "நாப்பத்து மூணா? ரேடியோவுக்கும் குடுத்தாச்சா? ஏழு மணிச் செய்தியிலயா?"

தொலைபேசியை வைத்த சத்தம். எதிர் அறைக் கதவு தட்டும் சத்தம். தாழ்ந்த குரலில் பேச்சு. பிறகு படியில் காலடிச் சத்தம். ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி. ஒரே தாளத்தில் இறங்கின.

ஓடுவதற்கு ஒரு வாசல்தான், அது அந்தப் படிக்கட்டின் அடியில்தான் இருந்தது. அடுப்படியில் அன்றைக்கு நின்றது போலவே நின்றாள் தேவகலா. அன்றைக்கு அவள் செய்யாமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது: வந்தவர்களின் பெயரைக் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

அனுப்புகைப் புத்தகத்தை இழுத்துத் திறந்தாள்.

வாசலில் இருவரும் நின்றார்கள். முன்னால் நிஷான், தோளுக்குப் பின்னால் மேஜர்.

"அக்கா," என்றான் நிஷான். மரியாதையான குரல். "ஒரு நிமிஷம் வெளிய வாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

அறைக்குள் ஹர்கமானின் வாய் அசைவது நின்றது. தேவகலா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த எண். இன்றைய தேதி. மணி நாலு நாற்பது. அனுப்பப்படுவது என்ற இடத்தில்: தேவகலா கிமிரே, மனைவி, டீக்காராம் கிமிரே. விஷயம்: ஒன்று கேட்க. கொண்டுபோகிறவர்: காம்ரேட் நிஷான், மேஜர் துர்கவிக்ரம். எழுத்து கோணல்மாணலாக வந்தது, ஆனாலும் வாசிக்க முடிந்தது. எழுதியதைச் சத்தமாகவும் வாசித்தாள், ஹர்கமானுக்குக் கேட்கும்படி, தாழ்வாரத்தில் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணக்குப் பிரிவுப் பெண்களுக்கும் கேட்கும்படி. அவர்கள் பையும் குடையுமாக அப்படியே நின்றுவிட்டார்கள்.

"கிமிரேயா?" என்றாள் ஒருத்தி. "கத்தார்ல..."

"கத்தார் இல்லடி," என்றாள் தேவகலா.

புத்தகத்தை வாசல் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினாள்.

"வர்றேன். பெற்றுக்கொண்டவர் கையெழுத்துன்னு ஒரு எடம் இருக்கு. ரெண்டு பேரும் போடுங்க. போர்ப்பெயர் வேணாம் தம்பி, சொந்தப் பெயர்."

நிஷான் மேஜரைப் பார்த்தான். மேஜர் தாழ்வாரத்துப் பெண்களைப் பார்த்தார். பேனாவை யாரும் வாங்கவில்லை.

"இப்ப என்ன அவசரம்," என்றான் நிஷான் கடைசியில். புன்னகை பாதிதான் வந்தது. "ஆபீஸ் முடியற நேரம். நாளைக்குக் கேட்டுக்கலாம்."

"நாளைக்குக் கேக்கலாம்," என்றார் மேஜரும். முதல் முறையாக அவளை 'நீங்க' என்றார். "நீங்க வீட்டுக்குப் போங்க."

அந்த 'நீங்க'தான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அவர்கள் படியேறிப் போனார்கள். ஹர்கமான் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்குன்னா நாளைக்கு வருவாங்க தங்கச்சி," என்றார் மெல்ல.

"வருவாங்க, அண்ணா. பெயரு ஏறிடுச்சில்ல."

எண் விழுந்துவிட்டது, இனி அழிக்க முடியாது. பெற்றுக்கொண்டவர் இடம் மட்டும் காலியாக இருந்தது. புத்தகத்தை மூடும் முன், நாள் முடிந்ததும் எப்போதும் செய்வது போல, அவள் பேனா தானாக அந்தக் காலி இடத்துக்குப் போனது. நிறுத்திக்கொண்டாள். அதன் குறுக்கே கோடு போடவில்லை.